கொண்டை ஊசி அண்ணனும் ஆறு மாடி மலையும்

"…அப்போ அந்தக் கரடி நின்னு, திரும்பிப் பார்த்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு சார். அந்த ஒரு வார்த்தையாலதான் எங்க மலையில இன்னைக்கும் மனுஷன் குடியிருக்கான். அது என்ன வார்த்தைன்னா… இறங்குங்க, உங்க வளைவு வந்தாச்சு. கேட்டை இழுத்துச் சாத்துங்க. கை பத்திரம்."

இந்த உலகத்தில் மனிதர்களை அந்தரத்தில் தொங்கவிடுகிறவர்கள் பலர் உண்டு. பெண் பார்த்துவிட்டு "போய் லெட்டர் போடுறோம்" என்று போகிறவர்கள், பாதி வேலையில் "இதோ வந்துடுறேன்" என்று காணாமல் போகும் பிளம்பர்கள், பெங்களூர் டிராஃபிக் சிக்னல்கள். ஆனால் அதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டு, ஒரு கட்டிடத்தையே வாரத்துக்கு ஆறு நாள், பத்தொன்பது வருடம் அந்தரத்தில் தொங்கவிட்ட ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் லிஃப்ட் இயக்கிய கொண்டை ஊசி அண்ணன்தான். அந்தக் கரடி என்ன சொன்னது என்று தெரியாமலே எனக்குத் தலை நரைத்தது.

எங்கள் கம்பெனிக்கு பீன்யாவில் தொழிற்சாலை. கண்டோன்மென்ட் பக்கம் ஆறு மாடியில் ஆபீஸ். கட்டிடம் பழையது, லிஃப்ட் அதைவிடப் பழையது. மடக்கு இரும்புக் கேட், உள்ளே ஒரு முக்காலி, தலைக்கு மேல் ஒரு குட்டி ஃபேன். ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் போவதற்குள் ஒருவர் நிதானமாகச் செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். அண்ணன் இல்லாமல் யாராவது பொத்தானை அமுக்கினால் தரைக்கு அரை அடி மேலேயோ கீழேயோ போய் நின்றுகொண்டு, இறங்குவதா குதிப்பதா என்று யோசிக்க வைக்கும்.

அண்ணனுக்கு ஊர், சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலை. மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள், "எங்க கரடியைப் பத்தி நீ எப்படி எழுதலாம்?" என்று வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மலைக்கு மேலே சின்னச் சின்ன ஊர்க் கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'நாடு' என்று பெயர். அண்ணனுடையது நாய்படுத்த நாடு. அந்த மலைப் பாதையில் உள்ள கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது என்பதால்தான் 'கொண்டை ஊசி அண்ணன்' என்று பெயர் வைத்தோம். தலையில் கொண்டை என்ன, ஒரு முடிகூடக் கிடையாது. ஃபேன் காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

லிஃப்ட் அவருக்கு மலை. தரைத்தளம் அடிவாரம். மாடிகள் வளைவுகள். புதிதாக வந்த கூரியர் பையன் ஒருவன், "அக்கவுன்ட்ஸ் எந்த ஃப்ளோர்ணா?" என்று கேட்டுவிட்டான்.

"நாலாம் வளைவு. ஏறு."

"வளைவா? நேராத்தானே போகுது?"

"நேரா ஏறுறவன் பாதியில விழுவான் தம்பி. ஏறு."

அவன் படியில் ஏறிப் போய்விட்டான்.

எங்களையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மூன்றாவது மாடியில் ஸ்டோர்ஸ் பிரிவு. எனவே 'மூணாம் வளைவு சார்'. ஐந்தாவது மாடியில் தபால் பிரிவைக் கட்டி ஆண்ட லிங்கராஜபுரத்து ஃபிலோமினா, 'அஞ்சாம் வளைவு அம்மா'. ஆறாவது மாடியில் ஒரே அறை, அதில் ஒரே மனிதர்: எங்கள் ஜெனரல் மேனேஜர். மைசூர்ப் பக்கத்துக்காரர். எந்நேரமும் காதில் ஃபோன், வாயில் "ஹூம்". அவருடைய அட்டெண்டருக்கு லிஃப்ட் என்றாலே பயம், படியில்தான் வருவான். ஆகவே உச்சி வரைக்கும் லிஃப்ட்டில் போகிற ஒரே ஆள், 'ஆறாம் வளைவு சார்' மட்டுமே.

இப்போது கதைக்கு வருகிறேன். அண்ணன் தன் மலையின் சரித்திரத்தை ஆறு துண்டாக வெட்டி வைத்திருந்தார். அடிவாரத்திலிருந்து முதல் மாடிக்குள் ஒரு துண்டு, அடுத்த மாடிக்குள் அடுத்தது. ஒவ்வொரு துண்டும் கழுத்தைப் பிடிக்கிற இடத்தில் மாடி வந்துவிடும். முதல் துண்டில், கீழே பஞ்சம் வந்து அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு சாமை மூட்டையோடும் ஒரு நாயோடும் மலை ஏறுவார்கள். இரண்டாவதில், எங்கே தங்குவது என்று சகோதரர்களுக்குள் சண்டை. பெரியவன் இன்னும் மேலே போகலாம் என்பான், நடுவன் கீழே இறங்கலாம் என்பான். நாய் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு ஒரு பாறையில் படுத்துவிடும். எழுந்திருக்காது. அதுதான் நாய்படுத்த நாடு. மூன்றாவதில் பலாமரம், கரடி, அந்த ஒரு வார்த்தை. அதோடு என் மாடி.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"நான் பதில் வீட்டுக்காரன் சார்."

"பதில் வீடா? எந்தக் கேள்விக்குப் பதில்?"

"அது ஆறாம் வளைவுல வரும்."

நான் மூன்றாவது மாடி. அப்போதே என் விதி எழுதியாயிற்று.

"சரிண்ணே, இன்னைக்கு ஒரு தடவை மேல வரைக்கும் வந்து கேட்டுட்டு இறங்குறேனே" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"மேல என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல."

"வேலை இல்லாம மலை ஏறுறது சுற்றுலாக்காரன் சார். நீங்க ஆபீஸ்காரர்."

ஒரு நாள் ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான்காவது மாடிக்கு வேலை இருப்பதாக ஏறினேன். இரண்டாவது மாடியில் ஆடிட்டர் ஒருவர் புதிதாக ஏறினார். "புதுசா ஏறினவருக்கு முதல்ல இருந்து சொல்லணும்" என்று அண்ணன் சாமை மூட்டையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். நான்காவது மாடி வரும்போது நாய் அப்போதுதான் படுத்தது.

இன்னொரு நாள் மின்சாரம் போய், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நானும் அவரும் மாட்டிக்கொண்டோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. முக்கால் மணி நேரம்! கரடியாவது, அதன் பேரன் பேத்தியாவது, எல்லாவற்றையும் கேட்டுவிடலாம்.

"சொல்லுங்கண்ணே."

"எப்படிச் சொல்றது? வளைவு வரலையே."

"வராட்டி என்ன? சும்மாதானே நிக்கிறோம்!"

"பாதி மலையில நிக்கிறப்போ வாயைத் திறக்கக் கூடாது சார். காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும்."

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபேனும் ஓடவில்லை.

கேன்டீனில் ஃபிலோமினாவிடம் கேட்டால் அவள் அண்ணனைவிட மோசம். அவளுக்குத்தான் ஐந்து துண்டு தெரியுமே, அந்தக் கர்வம். "மாடி மாத்திக் கதை சொன்னா அண்ணன் என்னை ஏத்த மாட்டார் சார். உங்களுக்கு அவ்ளோ ஆசைன்னா பிரமோஷன் வாங்கிட்டு மேல வாங்க." சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் எனக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று தோன்றியது அந்தக் கரடிக்காகத்தான்.

இறங்கும்போது மட்டும் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். "ஏறும்போது பேசினா மூச்சு வாங்குறது தெரியாது. இறங்கும்போது பேசினா கால் வழுக்கும்" என்பார். லிஃப்ட்டில் யாருக்குக் கால் வழுக்கப் போகிறது? அதையெல்லாம் கேட்க முடியாது. அவர் மட்டும் தனக்கு மொட்டை மாடியில் வேலை இருந்தால் படியில் ஏறுவார். லிஃப்ட், ஏறத் தெரியாதவர்களுக்கு.

பெங்களூரைப் பற்றி அவர் அபிப்பிராயமும் அலாதி. "நம்ம ஊரும் உசரத்துலதான்ணே இருக்கு, மூவாயிரம் அடி" என்று ஒருநாள் நான் பெருமை அடித்துக்கொண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது மலையா சார்? தட்டு. தட்டுல வெச்ச ஊரு. உசரமா இருக்கும், ஆனா எங்க இருந்து பார்த்தாலும் எதுவும் தெரியாது." டிசம்பர் மாதம் நாங்கள் எல்லோரும் குரங்குக் குல்லாயோடு வந்தால், அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சார், யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பார்.

பலா சீசனில் மலையிலிருந்து ஒரு பழம் வரும். சேலம் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், துண்டு போர்த்தி. அன்று முழுக்க முக்காலியில் பலாப்பழம் உட்கார்ந்திருக்கும், அண்ணன் நிற்பார். ஒரு முறை ஜி.எம்.மைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, அது என்ன மிருகம் என்று கேட்டார். அண்ணன் அவரிடம், "மூத்தவங்க. வழி விட்டு நில்லுங்க" என்றார் தமிழில். அவரும் நின்றார்.

இப்படிப்பட்ட மனிதர், நாலைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, வாயை மூடிக்கொண்டார்.

நான் ஏறினேன். சாமை மூட்டை இல்லை. நாய் இல்லை. முதல் மாடி வந்தது, போனது. ஃபேன் சத்தம் மட்டும். மூன்றாவது மாடியில் கேட்டைத் திறந்துவிட்டார். "கை பத்திரம்"கூட இல்லை. செவ்வாய், புதன், அதே கதி. கட்டிடமே தடுமாறிவிட்டது. இரண்டாவது மாடிக்காரர்கள் மூன்றாவதில் இறங்கினார்கள். கதை எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கியே பழகிப்போன கால்கள். அவர் ஓயாமல் பேசுகிறார் என்று புகார் கொடுக்கிற ஆசாமிகளே, "அவர் பேசாட்டி லிஃப்ட் ரொம்ப மெதுவா போற மாதிரி இருக்குப்பா" என்றார்கள்.

வியாழக்கிழமை ஃபிலோமினா லிஃப்ட்டுக்குள் புகுந்து, கேட்டைத் தானே சாத்திக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் கூட.

"அண்ணே, என்னான்னு சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன். உடம்பு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"வீட்ல?"

"வீடுதாம்மா போச்சு" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் நாட்டில் ஒரு வழக்கம். ஆடி மாதத் திருவிழாவில் நாட்டுப் பெரியவர் ஒரு பாறைமேல் நின்று ஒவ்வொரு வீட்டின் பெயரையும் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் ஒருவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று ஆடி தொடர்ந்து குரல் வரவில்லை என்றால், கோயில் முன்னால் வரிசையாக இருக்கும் பொங்கல் அடுப்புகளில் அந்த வீட்டு அடுப்பின் மூன்று கல்லையும் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு வீடு இருந்ததாகவே அர்த்தம் இல்லை.

முதல் வருடம் அண்ணனின் மகளுக்குப் பிரசவம். இரண்டாம் வருடம் மழையில் மலைப்பாதை சரிந்து, இவர் போய்ச் சேரும்போது பெரியவர் பாறையிலிருந்து இறங்கிவிட்டார். மூன்றாம் வருடம், அதாவது அதற்கு முந்தின வாரம், டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் ஆபீஸைப் பார்வையிட வருகிறார்கள் என்று ஜி.எம். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ரஜா இல்லா." லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஃபோன் செய்து, கல்லைக் கவிழ்த்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார்.

"இதுக்கு மாத்து ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றேன்.

கொஞ்ச நேரம் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். "இருக்கு. முப்பதாம் நாள் நாடு மறுபடி கூடும். வெளியூர் போனவன் மலையை மறக்கலைன்னு, அவன் போன ஊர் ஆளுங்க வந்து சொல்லணும். சொந்தக்காரன் சொன்னாச் செல்லாது. மலை ஏறின கதையில இருந்து எங்க வீட்டுக் கதை வரைக்கும், மூணு பேர், ஒருத்தர் விட்ட இடத்துல ஒருத்தர் எடுத்துச் சொல்லணும். ஒருத்தன் சொன்னா மனப்பாடம் சார். மூணு பேர் சொன்னாத்தான் சரித்திரம்."

ஃபிலோமினா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நான் கரடி வரைக்கும் ரெடி" என்றேன்.

"அங்க இருந்து அஞ்சு வரைக்கும் நான்."

"ஆறு?"

மூன்று பேரும் தலையை நிமிர்த்தி லிஃப்ட்டின் கூரையைப் பார்த்தோம். அதற்கு மேலே ஜி.எம். உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்மா" என்றார் அண்ணன். "லீவு கேட்டே கொடுக்காத ஆளு. கதை கேட்டிருப்பாரா? காதுல எப்பவும் ஃபோனு. நான் சொன்னதெல்லாம் சுவத்துக்குச் சொன்னதுதான்."

ஃபிலோமினா அன்று மத்தியானமே லீவு விண்ணப்பம் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக எல்லோரும் வைக்கும் காய்ச்சலை வைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதினாள்: லிஃப்ட் அண்ணனின் வீட்டுக் கதையைச் சொல்லப் போகிறோம். கடைசியில் ஒரு வரி: ஆறாம் பகுதி தெரிந்தவர் இந்தக் கட்டிடத்தில் தங்களைத் தவிர எவருமில்லை. நான் பதறிப்போய், "உன் வேலை போயிடும்மா" என்றேன். "போனா லிங்கராஜபுரத்துல கேக் போட்டு விப்பேன் சார், போங்க" என்று விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிட்டாள்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று பேருக்கும் லீவு, கீழே கையெழுத்து. வேறு ஒரு எழுத்து இல்லை.

முப்பதாம் நாளுக்கு முன்தினம் விடியற்காலை வேன் பிடித்தோம். அத்திபெலேயில் டீ குடிக்கும்வரை அண்ணன் வாயே திறக்கவில்லை. கால் இன்னும் பெங்களூர்த் தட்டிலேயே இருக்கிறதாம். கிருஷ்ணகிரி, சேலம் தாண்டி அடிவாரம் வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு" என்றார் முதல் வளைவில். "ரெண்டு." ஏழாவதில் ஃபிலோமினா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தாள். பதினைந்தில் நான் அதைப் பிடுங்கி என் மூக்கில் வைத்துக்கொண்டேன். இருபதுக்கு மேல் எங்களுக்கு எண்ணவும் தெம்பில்லை. "சேசுவே, இதுக்கு நம்ம லிஃப்ட்டே தேவலாம்" என்று முனகினாள். அன்று ராத்திரி மச்சான் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, சொல்ல வேண்டிய கதையை மனசுக்குள் ஓட்டியபடியே படுத்தோம்.

மறுநாள் காலை நாடு கூடியது என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. பனி. நீட்டிய கை தெரியாத பனி. எங்கோ இருமல், எங்கோ ஒரு குழந்தை அழுகை, பீடி வாசனை. கோயிலுக்கு முன்னால் வரிசையாக அடுப்புக் கற்கள் மட்டும் கால்மாட்டில் தெரிந்தன. ஒரு அடுப்பில் மூன்று கல்லும் கரிந்த முகம் கீழே, வெள்ளை வயிறு மேலே. அண்ணன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. பெங்களூரில் குளிருக்குச் சிரித்த மனிதர், துண்டை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பதில் வீட்டுக்குச் சொல்ல வந்தவங்க யாரு?" என்று பாறைமேலிருந்து நாட்டுப் பெரியவரின் குரல்.

நான் ஆரம்பித்தேன். பஞ்சம் வந்தது. மூன்று பேர் ஏறினார்கள். பத்தொன்பது வருடம் கேட்டது, தண்ணீராய் ஓடியது. முதல் துண்டு முடிந்ததும் என் வாய் தானாகச் சொன்னது: "கேட்டை இழுத்துச் சாத்துங்க. கை பத்திரம்."

பனிக்குள் ஒரு சலசலப்பு. நிறுத்த முடியவில்லை; அப்படியேதான் கேட்டுப் பழக்கம். நாய் படுத்தது. "கை பத்திரம்." கரடி திரும்பிப் பார்த்தது, ஒரு வார்த்தை சொன்னது. "கை பத்திரம்." நான் மூச்சு வாங்கி நின்றேன்.

"கரடி சொன்ன வார்த்தை, 'பாதி'!" என்று ஃபிலோமினா எடுத்தாள்.

பத்தொன்பது வருடம். பாதி! மேல் கிளைப் பழம் கரடிக்கு, அடிமரத்துப் பழம் மனிதனுக்கு. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அவள் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரன் சங்கிலி கொண்டு வந்து மலையை அளந்ததையும், பனியில் வழி தெரியாமல் அதே குன்றை இரண்டு தடவை அளந்து, மலை ரொம்பப் பெரியது என்று எழுதிக்கொண்டு போனதையும் சொன்னாள். "கை பத்திரம்" என்றாள், சிலுவை போட்டுக்கொள்கிற பக்தியோடு. தலைச்சுமையாக உப்பு ஏற்றிய காலம், பாதை வந்த காலம், முதல் பஸ்ஸுக்கு மாலை போட்டு, எல்லோரும் செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறிப் போய், திரும்பி வந்து செருப்பைத் தேடிய கதை. பனிக்குள் யாரோ சிரித்தார்கள். யாரோ ஒரு கிழவர், "என்னுது இன்னும் கிடைக்கலை" என்றார். "கை பத்திரம்" என்று முடித்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"அப்புறம்?" என்றார் பெரியவர்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் செல்லாது. எங்களுக்குத் தெரியாது. பனி மட்டும் எங்களுக்கு நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது.

"மூணாவது ஆள் யாருப்பா? இருக்காங்களா, இல்லையா?"

பின்னால் எங்கோ ஒரு கார்க் கதவு சாத்தியது. கல்லில் செருப்பு வழுக்குகிற சத்தம். அப்புறம் ஒரு குரல். பத்தொன்பது வருடமாக "ஹூம்" மட்டும் சொன்ன குரல்.

"ஒரு தாய் இருந்தா" என்றது. தமிழ்தான், மைசூர் வழியாக வந்த தமிழ். "அவ மகனு உப்பு கொண்டு வரக் கீழ போனான். வரலை. அவ இந்தப் பாறை மேல நின்னு தினா தினா கூப்பிட்டா. பனி. ஏனூ, ஒண்ணும் தெரியல. ஊர்க்காரங்க சொன்னாங்க, 'விடும்மா, அவன் போயிட்டான், கல்லைக் கவுத்துடு'ன்னு. அவ கேக்கலை. ஒரு வருஷா, ரெண்டு வருஷா, மூணாவது வருஷா கூப்பிட்டா. அப்போ கீழ இருந்து…"

நின்றுவிட்டது.

"கீழ இருந்து?" என்றார் பெரியவர்.

"அஷ்டே" என்றது குரல். அவ்வளவுதான் என்று கன்னடத்தில். "அதுக்குள்ள தினமும் என் மாடி வந்துடும். இறங்கிடுவேன்." பிறகு, ஏதோ விட்டுப்போனதுபோல, அவசரமாக: "கேட்டை இழுத்துச் சாத்துங்க. கை பத்திரம்."

தலையில் டவல் சுற்றி, முகம் வெளிறி, எங்கள் ஜி.எம். பனிக்குள்ளிருந்து வெளியே வந்தார். காதில் ஃபோன் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த கற்களைப் பார்த்தார். அண்ணன்தான் பேசினார். "ஆறாம் வளைவு சார், மெதுவா. கல்லு வழுக்கும்."

பாறைக்கு மேலே குசுகுசுவென்று பேச்சு. "இந்த 'கை பத்திரம்' நம்ம கதையில உண்டா?" என்றது ஒரு குரல். "எனக்குத் தெரிஞ்சு இல்ல." "மூணு பேரும் ஒரே இடத்துல சொல்றாங்களேப்பா. நாமதான் மறந்துட்டமோ என்னவோ." "மலையில இருக்கிறவனுக்கு அது நல்ல வார்த்தைதானே?"

பிறகு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தாய் நின்ற அதே பாறையிலிருந்து, கூப்பிட்டார்.

"பதில் வீடு!"

அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நாள் முழுக்கப் பேசியே சம்பளம் வாங்கிய மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஃபிலோமினா என் கையைக் கிள்ளினாள்.

"பதில் வீடு!"

"இருக்கேன்!"

அந்தக் குரல் பள்ளத்தில் இறங்கி, எதிர்க் குன்றில் மோதி, திரும்ப வந்து எங்களைத் தாண்டிப் போனது. அந்த மகன் கீழே இருந்து கொடுத்த பதிலும் இதுதான், ஆறாம் வளைவு அதோடு முடிந்தது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அண்ணன் குனிந்து ஒவ்வொரு கல்லாக நிமிர்த்தி வைத்தார். மூன்றாவது கல்லை ஜி.எம். நிமிர்த்தினார். கரி படிந்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

இறங்கும்போது வேனில் யாரும் பேசவில்லை. பேசினால் கால் வழுக்கும்.

அந்த மலையில் இப்போது ஒருவரை ஒருவர் வழியனுப்பும்போது "கை பத்திரம்" என்கிறார்களாம். ஆதிகால வழக்கம் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களாம். மச்சான் ஃபோனில் சொன்னதாக அண்ணன் சொன்னார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஆடி மாதத்தில் லிஃப்ட் ஒரு வாரம் ஓடாது, ஜி.எம். படியில் ஏறுவார்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். சால்வை, மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியில் லிஃப்ட்டுக்குள் ஏறினேன். இறங்குகிற பயணம், ஆகவே பேச்சு இல்லை. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொத்தானைப் பார்த்தபடி நின்றார். அடிவாரம் வந்தது. சரியாகத் தரைக்குச் சமமாக நிறுத்தி, கேட்டைத் திறந்துவிட்டார். நான் இறங்கினேன். கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"மூணாம் வளைவு!"

லாபியே திரும்பிப் பார்த்தது. வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டான்.

"இருக்கேன்" என்றேன். சத்தம் குறைவாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையை ஒரு தரம் ஆட்டினார். ஏறக் காத்திருந்த புதுப் பையன்கள் நாலு பேரை உள்ளே வரச் சொல்லி, "கீழ பஞ்சம் வந்துச்சு பாருங்க, அண்ணன் தம்பி மூணு பேரு…" என்று ஆரம்பித்தபடியே, கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டு மேலே போனார்.